உமர் இப்னு அப்துல் அஸீஸ்

உமையா மரபின் எட்டாம் கலீபாவாகிய இவர், கி.பி. 717 முதல் 720 வரை (ஹிஜ்ரி 99–101) இரண்டரை ஆண்டுகூட நிரம்பாத காலமே அரசு புரிந்தவராயினும், நேர்வழிக் கலீபாக்கள் நால்வருக்கு அடுத்து ஐந்தாமவராக வைத்துப் போற்றப்படும் பெருமை பெற்றவர். தாய்வழியில் இரண்டாம் கலீபா உமரின் வமிசத்தவர். தந்தை அப்துல் அஸீஸ் இப்னு மர்வான் எகிப்தின் ஆளுநராக இருபதாண்டுகள் வீற்றிருந்தவர்.

706இல் மதீனாவின் ஆளுநரானதும், அந்நகரத்து மார்க்க அறிஞர் பதின்மரை வரவழைத்து, அவர்களைக் கலந்தன்றித் தாம் எதையும் தீர்மானிப்பதில்லை என்றும், தம் அதிகாரிகள் எவரேனும் அநீதி இழைத்தால் அஞ்சாது தமக்கு அறிவிக்க வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜின் கொடுமைக்குத் தப்பி வந்தோர்க்கு இவர் அடைக்கலம் அளித்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவனுடைய வற்புறுத்தலால் 712இல் இவருடைய பதவி பறிபோயிற்று.

கலீபா சுலைமான் 717இல் தாபிக் பாசறையில் இறந்தபோது, அறிஞர் ரஜாஉ இப்னு ஹைவாவின் ஆலோசனைப்படி எழுதி முத்திரையிடப்பட்டிருந்த சாசனம் இவரை அரியணையில் ஏற்றியது. இவருடைய நீதி அதன்பின் புறப்பட்ட திசைதான் கருதத்தக்கது. பிறரைத் திருத்தப் புகுமுன், தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் முறையின்றி வந்துசேர்ந்த சொத்துக்களை இவர் கணக்கெடுத்தார். ஊழியர் முஸாஹிம் நில மானிய ஆவணங்களை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, கலீபா கத்தரியால் அவற்றை நறுக்கிக்கொண்டே இருந்தார் என்று பழைய சரித்திரக்காரர் எழுதுவர். மனைவி பாத்திமா, தம் தந்தையும் முன்னாள் கலீபாவுமான அப்துல் மலிக் தமக்களித்த ஆபரணத்தைப் பைத்துல்மால் என்னும் பொதுக் கருவூலத்தில் ஒப்படைத்தார். உமையா இளவரசர்கள் முறுமுறுத்தும் பயனில்லை. பள்ளிவாசல் மிம்பர்களில் (சொற்பொழிவு மேடைகளில்) நான்காம் கலீபா ஹஸ்ரத் அலியவர்களை நிந்திக்கும் அநாகரிக வழக்கமும் இவருடைய உத்தரவால் ஒழிந்தது.

வரி விஷயத்தில் இவர் செய்த சீர்திருத்தமே அரசின் அடித்தளத்தைத் தொட்டது. இஸ்லாத்தைத் தழுவிய பாரசீகர், பெர்பெர் முதலியோரிடமும் வருவாய் குறையுமென்று அஞ்சி முஸ்லிமல்லாதார்மீது விதிக்கப்பட்ட தலைவரியாகிய ஜிஸ்யாவைத் தொடர்ந்து வசூலித்துவந்த அதிகாரிகளை இவர் தடுத்தார். குராசானின் ஆளுநர், மதம் மாறியோரை விருத்தசேதனம் கொண்டு சோதிக்கலாம் என்று எழுதியபோது, இறைவன் நபிகள் நாயகத்தை அனுப்பியது மக்களை அழைப்பதற்கே, விருத்தசேதனத்துக்காக அன்று என்னும் கருத்துப்பட மறுமொழி விடுத்தார். உமையாத் தளபதி குதைபா வஞ்சகமாகத் தங்கள் நகரத்தைக் கைப்பற்றினான் என்று சமர்கந்து வாசிகள் முறையிட்டபோது, வென்றவர் தரப்பிலேயே ஒரு காஜியை (நீதிபதியை) நியமித்து வழக்கை விசாரிக்கச் செய்தார். அராபியப் படை நகரைவிட்டு வெளியேற வேண்டுமென்பதே காஜியின் தீர்ப்பாக இருந்தது. வெற்றி கொண்ட ஓர் அரசு தன் வெற்றியையே நீதிஸ்தலத்தின்முன் நிறுத்தியதற்கு அக்காலத்தில் இணையான சம்பவம் அரிது. ஆயினும் முஸ்லிமல்லாதாரின் உடை, அரசாங்க உத்தியோகம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் ஆணைகளும் இவர் பெயரால் வழங்குகின்றன என்பதை மறைப்பது நேர்மையாகாது.

720இல் சிரியாவின் தைர் சிம்ஆனில் இவர் காலமானார். இந்நீதி நிலைபெற்ற ஸ்தாபனமாக வேரூன்றாது ஒருவரின் மனத்திட்பத்தையே பற்றி நின்றதால், அடுத்து வந்த இரண்டாம் யஸீதின் ஆட்சியில் எளிதாகக் குலைந்தது. ஹஜ்ஜாஜின் பழைய காரியதரிசியான யஸீத் இப்னு அபீ முஸ்லிம் வடஆப்பிரிக்காவுக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, மதம் மாறிய பெர்பெர்கள்மீது ஜிஸ்யாவை மீண்டும் சுமத்த முயன்றான். சிறிது காலத்துக்குள் அவனுடைய பெர்பெர் மெய்க்காவலர்களே அவனைக் கொன்றனர்.