மேலட்டையில் எவர் முகம்?

இவ்வாண்டு மலரின் மேலட்டையைப் பற்றிக் கோல் மார்க்கெட்டில் அன்பர்கள் சிலர் கூடிப் பேசினோம். வீணையேந்திய கலைமகள் என்றனர் சிலர். பெயர்பெற்ற பாடகர் ஒருவர் படம் என்றனர் வேறு சிலர். முடிவு ஏற்படவில்லை. வீடு திரும்பியதும், இசையைப் பேசிய ஏடுகள் முன்னாளில் எவர் முகத்தை எவர் பொருட்டு வெளியிட்டன என்று எண்ணிப் பார்க்கலானோம்.

தலைநகரில் வாழும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வானொலி ஏடே. 1927-இல் பம்பாயில் 'இந்தியன் ரேடியோ டைம்ஸ்' எனத் தோன்றிய அது, 1935 டிசம்பரில் 'இந்தியன் லிஸனர்' என்றும், 1958-இல் 'ஆகாசவாணி' என்றும் பெயர் மாறிற்று. தமிழிலும் 'வானொலி' என்ற இதழ் வந்தது. இவையெல்லாம் நிகழ்ச்சி நேரத்தை அறிவிக்கப் பிறந்தவை. நேரத்தை அறிவிக்கப் படம் எதற்கு? நமது ரயில்வே கால அட்டவணையில் எஞ்சின் டிரைவரின் படத்தை எவரும் தேடுவதில்லை. ஆயினும் அவ்வேடுகளில் கலைஞர்களின் புகைப்படங்கள் இடம் பெற்றன. கச்சேரி மண்டபத்தை எட்டிப் பார்க்க இயலாது, பெட்டியின் முன் அமர்ந்து குரலை மட்டும் கேட்டவனுக்கு, அக்குரலுக்குரிய முகத்தைக் காணும் ஆவல் இருந்தது. ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தோர்க்கு அவ்வாவலை விளக்க வேண்டுவதில்லை.

சென்னை வாசகர் நிலை வேறு. 1930-களில் 'ஆனந்த விகட'னில் மாலி வித்துவான்களைக் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் இசை விமரிசனம் எழுதினார். வித்துவானின் கையசைப்பை நேரில் கண்டவனே அதன் மிகையைக் கண்டு நகைக்க முடியும். காணாதவனுக்குப் புகைப்படம், கண்டவனுக்குக் கேலிச் சித்திரம்!

நிற்க. சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் கதை சற்று வருத்தத்துக்குரியது. 1944-இல் 'ஹரிதாஸ்' வந்தபோது அட்டைக்குரிய முகமும் பாட்டுக்குரிய குரலும் தியாகராஜ பாகவதர் ஒருவருடையவையே. பின்னணிப் பாட்டு வேரூன்றியபின் அட்டையில் நடிகர் சிரித்தார். பாடியவர் பெயர் உள்ளே சிறு எழுத்தில் ஒதுங்கிற்று. வாங்குவோர் கண் முகத்தை நாடும் என்பது அச்சிட்டோர் கணக்கு. கணக்கில் பிழையில்லை, நியாயம் இருந்ததா என்பது வேறு.

1983 அக்டோபரில் என். பட்டாபிராமன் சென்னையில் தொடங்கிய 'ஸ்ருதி' என்னும் ஆங்கில இதழ், இசை, நாட்டியக் கலைஞரையே அட்டைக்கு உரியவராக்கிற்று. கலைஞரை முன்பே அறிந்த ரசிகரே அதன் வாசகர். ஆதலின் அலங்காரம் மிகுதியாக வேண்டியிருக்கவில்லை.

இவற்றை அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, நம் விழாக்களில் ஆண்டுதோறும் பாடகருக்குப் பின்னே அமர்ந்து தம்பூரா மீட்டும் அம்மையாரின் படத்தை அட்டையில் இடலாம் என்றோம். அவருடைய சுருதியைக் கேளாதவர் நம்முள் இல்லை. முகத்தை நினைவுகூர்வோர் சிலரே. அம்மையார் கூச்சப்பட்டு மறுத்தார், குழுவினர் வற்புறுத்தினர். இதனை அச்சுக்குக் கொடுக்கும்வரை முடிவு தெரியவில்லை. அன்பர்கள் மலரை மூடி அட்டையைப் பார்த்து அறிந்துகொள்வார்களாக.