புல்லா, பிளாஸ்டிக்கா? ஸ்காட்லாந்தில் மேலே ஏறும் கதவு

வார இறுதியில் நண்பர்களோடு வாடகை டர்ஃபில் பந்து உதைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவை உதறினால் தரையெங்கும் கறுப்பு ரப்பர் மணிகள் சிதறும். வீட்டில் திட்டு வாங்காத வாரம் இல்லை. அந்த மணிகளைப் பற்றி ஒருநாள் சும்மா தேடப்போய், தேடல் எங்கெங்கோ இழுத்துப்போய் கடைசியில் ஸ்காட்லாந்து கால்பந்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே இந்தப் பிளாஸ்டிக் புல், யார் மேல் அடுக்குக்கு ஏறலாம், யார் ஏறக்கூடாது என்ற ஒரு பழைய சண்டையின் புதிய வடிவம். சில வாரமாக எடுத்த குறிப்புகளை இங்கே கோர்த்து வைக்கிறேன்.

ஹாக்கி தெரிந்தவர்களுக்குச் செயற்கைத் தரையின் வலி புதிதில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தரைக்குப் போனது. இந்தியா ஏழாவது இடம். புல்லில் பழகிய மணிக்கட்டு வித்தைகள் அங்கே செல்லவில்லை. கால்பந்தில் கதை நேர் எதிர். அங்கே பெரியவர்கள் புல்லில் நின்றார்கள், இல்லாதப்பட்டவர்கள்தான் பிளாஸ்டிக்குக்குப் போனார்கள்.

இங்கிலாந்தில் 1981-இல் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ஆரம்பித்து வைத்தது. லூட்டன், ஓல்டம், பிரெஸ்டன் பின்னால் வந்தன. அந்தக் காலத்துத் தரை கிட்டத்தட்ட சிமெண்ட் மேல் விரித்த கம்பளம். பந்து தறிகெட்டுக் குதிக்கும், சறுக்கி விழுந்தால் முழங்கால் தோல் உரியும். 1991-இல் முதல் டிவிஷனுக்கு ஏறிய ஓல்டம் அந்தத் தரையைச் சுருட்டிவிட்டுப் புல் போட வேண்டியிருந்தது. 1994-இல் பிரெஸ்டனும் எடுத்துவிட, இங்கிலாந்தின் லீக்கில் அந்த அத்தியாயம் முடிந்தது.

ஸ்காட்லாந்தில் முதலில் செய்தது ஸ்டெர்லிங் அல்பியன் என்ற சின்ன கிளப். 1987, ஆன்ஃபீல்ட் மைதானம். (லிவர்பூல் ஆன்ஃபீல்ட் இல்லை, எழுத்தே வேறு.) மைதானம் அப்போது கிளப்பின் சொத்தே இல்லை, உள்ளூர் கவுன்சிலுக்கு விற்றுவிட்டு அங்கேயே வாடகைக்கு இருந்தார்கள். தரையைப் போட்டது கவுன்சில்தான். ஊர்ப் பிள்ளைகளும் ஆடட்டும் என்பது கணக்கு. புல் தரையில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் ஆட முடியும், அதற்கு மேல் சேறாகிவிடும். ஸ்காட்லாந்தின் டிசம்பரில் பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் இருட்டும். வெயில் இல்லாமல் புல் எங்கே வளர்வது? பிளாஸ்டிக் என்றால் காலை முதல் இரவு வரை வாடகைக்கு விடலாம். இந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை, நம்ம ஊர் டர்ஃப் முதலாளியின் கணக்கும் இதேதான்.

இப்போ கதவு விஷயத்துக்கு வருவோம். 1971 ஜனவரியில் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் நெரிசலில் 66 பேர் செத்தார்கள். 1989-இல் இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ. அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. ஸ்காட்லாந்தில் அது சட்டமாக வரவில்லை, லீக் விதியாக வந்தது. 1998-இல் பெரிய கிளப்புகள் பிரிந்துபோய் ஸ்காட்டிஷ் பிரீமியர் லீக்கைத் தொடங்கியபோது அந்த விதி கறாரானது: உள்ளே வர 10,000 இருக்கை வேண்டும்.

பாதுகாப்புக்காக வந்த விதி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாதுகாப்புக்கு இருக்கை வேண்டும் என்பது ஒன்று. பத்தாயிரம் இருக்கை வேண்டும் என்பது வேறு. நாலாயிரம் பேர் வருகிற ஊரில் மிச்ச ஆறாயிரம் காலி நாற்காலி யார் உயிரைக் காப்பாற்றும்?

இந்த விதியில் அதிகம் அடிபட்டது ஃபால்கர்க். 2000-இல் லீக்கை 12 அணியாக விரிக்க, கடைசி இடத்திலிருந்த அபர்டீன், கீழ் டிவிஷனின் டன்ஃபெர்ம்லின், ஃபால்கர்க் மூன்றும் மோதி இரண்டு இடத்தை நிரப்ப வேண்டும் என்று ஏற்பாடு. ஃபால்கர்க்கின் பழைய பிராக்வில் மைதானம் விதிக்குள் வரவில்லை. ஆட்டமே நடக்காமல் அபர்டீன் தப்பியது. மூன்று வருஷம் கழித்து, 2003-இல், ஃபால்கர்க் முதல் டிவிஷன் சாம்பியன். இந்தமுறை ஏர்ட்ரியின் மைதானத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கேட்டார்கள். முடியாது என்று பதில். விளைவு, பிரீமியர் லீக்கில் கடைசியாக வந்த மதர்வெல் கீழே இறங்கவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். விதியை எழுதுவதும், விலக்கு கொடுப்பதா வேண்டாமா என்று வாக்களிப்பதும் உள்ளே இருக்கிற அந்த 12 கிளப்புகளே. பஸ்ஸில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்களிடம் "இன்னொருத்தர் ஏறலாமா, ஏறினா உங்கள்ல ஒருத்தர் இறங்கணும்" என்று கேட்பது மாதிரி.

அடுத்த வருஷமே அதே நாடகம். 2004-இல் சாம்பியன் இன்வெர்னஸ் கேலடோனியன் திஸில். வடக்குக் கோடி ஊர், மைதானத்தில் இருக்கை போதாது. நூறு மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற அபர்டீனின் பிட்டோட்ரியில் ஆடுகிறோம் என்றார்கள். முதல் வாக்கெடுப்பில் தோல்வி, மறுபடி எடுத்ததில் வெற்றி. பார்ட்டிக் திஸில் கீழே போனது. "சொந்த ஊர்" ஆட்டத்துக்கு ரசிகர்கள் இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினார்கள். பிறகு வரம்பை 6,000-ஆகக் குறைத்தார்கள். இன்வெர்னஸ் அவசர அவசரமாக ஸ்டாண்டு கட்டி 2005 ஜனவரியில் வீடு திரும்பியது. ஆறு வருஷமாக அசைக்கவே முடியாது என்ற பத்தாயிரம், திடீரென்று ஆறாயிரம் ஆனது. அப்படியென்றால் ஃபால்கர்க் இழந்ததற்கு யார் பொறுப்பு? பதில் சொல்ல யாரும் இல்லை.

கொஞ்சம் மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2007-இல் கிரெட்னா ஏறியது. மூவாயிரம் பேர் வசிக்கிற எல்லையோரச் சிற்றூர், ஒரு பணக்காரரின் கைக்காசில் மூன்று வருஷத்தில் மூன்று படி ஏறிய கிளப். மதர்வெல்லின் ஃபிர் பார்க்கை வாடகைக்கு எடுத்தார்கள். இரண்டு அணி மிதித்ததில் அந்தத் தரை நாசமானது. 2008 ஏப்ரலில் ஒரு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். அந்தப் பருவம் முடிந்ததும் கிளப்பே கலைந்துபோனது. "பார்த்தீங்களா, இதுக்குத்தான் விதி" என்று சொல்பவர்களை அன்று மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில்தான் பிளாஸ்டிக் திரும்பி வந்தது. புதிய ரகம்: நீளமான இழை, நடுவே மணலும் ரப்பர் மணியும். 2003-இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் பண உதவியோடு டன்ஃபெர்ம்லின் தன் ஈஸ்ட் எண்ட் பார்க்கில் சோதனையாக விரித்தது. அந்த முதல் பருவத்திலேயே லீக்கில் நாலாவது இடம், ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனார்கள். மற்ற கிளப்புகள் முணுமுணுத்தன. வேடிக்கை என்னன்னா, 2004-இல் செயற்கைத் தரை கால்பந்தின் உலக விதிகளிலேயே இடம்பிடித்தது. 2005-இல் ஸ்காட்லாந்து பிரீமியர் லீக் வாக்கெடுத்து அதை வெளியேற்றியது.

அதனால் 2008-இல் ஹாமில்டன் அகடமிகல் ஏறியபோது, அவர்கள் வைத்திருந்த செயற்கைத் தரையைப் பிடுங்கிவிட்டுப் புல் விதைக்க வேண்டியதாயிற்று. 2011-இல் கீழே இறங்கினார்கள். 2013-இல் லீக் அமைப்பே மாறியது, விதியும் தளர்ந்தது; ஹாமில்டன் மறுபடி பிளாஸ்டிக் போட்டது. ஐந்தே வருஷத்தில் ஒரே நிலத்துக்கு இரண்டு தோல்! அந்தப் பருவம் முதல் புதிய ஏணியும் வந்தது: இரண்டாம், மூன்றாம், நாலாம் இடத்துக்காரர்கள் தங்களுக்குள் மோதி, ஜெயித்தவர் மேல் அடுக்கின் 11-ஆவது அணியோடு மோத வேண்டும். மூன்றாவதாக வந்தவர் ஏற வேண்டுமென்றால் மொத்தம் ஆறு ஆட்டம்.

2014 மே மாதம் அந்த ஏணியின் உச்சியில் ஹாமில்டனுக்கு எதிரே ஹைபர்னியன். பிளாஸ்டிக் தரை சொந்த அணிக்கு அநியாய லாபம் என்று சொல்பவர்கள் இந்த ஸ்கோரைப் பார்க்க வேண்டும். தன் பிளாஸ்டிக்கில் ஹாமில்டன் 0-2 தோற்றது. எடின்பரோவில் ஹைபர்னியனின் புல்லில் 2-0 ஜெயித்தது, இரண்டாவது கோல் கூடுதல் நிமிடத்தில். பெனால்டியில் மேலே ஏறியது. ஒரே ஒரு உதாரணத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான், ஆனாலும் எனக்கு இது பிடித்திருக்கிறது.

அதே கோடையில் கில்மார்னாக்கும் பிளாஸ்டிக் போட்டது. 2018-இல் லிவிங்ஸ்டன் ஏறியபோது 12-இல் மூன்று மைதானம் செயற்கை. ஆட்டக்காரர்கள் சங்கம் தொடர்ந்து எதிர்த்தது. காயத்தைப் பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் மறுநாள் முதுகும் முழங்காலும் வலிக்கிறது என்று ஆடுகிறவன் சொன்னால் நான் கேட்பேன். என் முழங்காலும் அதே கட்சி.

2024-இல் பிரீமியர்ஷிப் கிளப்புகள் வாக்களித்து முடித்துவிட்டன: 2026-27 பருவம் முதல் மேல் அடுக்கில் செயற்கைத் தரை கிடையாது. புல், அல்லது புல்லோடு இழை கலந்த ஹைப்ரிட். பத்தாயிரம் நாற்காலியைவிட இந்த விதிக்கு நியாயம் அதிகம் என்றே நினைக்கிறேன். பந்து சரியாக ஓடுவதும் ஆடுகிறவன் உடம்பும் விளையாட்டின் உள்விஷயம். நாற்காலி எண்ணிக்கை அப்படி இல்லை. ஆனால் செலவு யார் தலையில் என்று பார்த்தால் பழைய கதையேதான். 2022-இல் ஆர்ப்ரோத் கிட்டத்தட்ட ஏறியிருக்க வேண்டியது. பகலில் வேறு வேலை பார்க்கிற ஆட்டக்காரர்களைக் கொண்ட கடலோர கிளப், பிளாஸ்டிக் தரை. ஏப்ரலில் கில்மார்னாக்கிடம் 1-2 தோற்று இரண்டாம் இடத்தில் நின்றது, பிறகு பிளே-ஆஃபில் இன்வெர்னஸிடம் பெனால்டியில் போனது. அப்படி ஒரு கிளப் இனி ஏறினால், முதல் வேலை சம்பாதித்துக் கொடுக்கிற தரையைத் தோண்டுவது. மறுவருஷம் இறங்கிவிட்டால்? வாடகை வருமானமும் போச்சு, ஊர்ப் பிள்ளைகளின் சாயங்கால ஆட்டமும் போச்சு.

ஃபால்கர்க் என்ன ஆனது? புது மைதானம் கட்டி 2005-இல் ஏறினார்கள், பிறகு இறங்கினார்கள். 2013-இல் அங்கேயும் பிளாஸ்டிக் வந்தது. 2025-இல் சாம்பியனாக மறுபடி மேல் அடுக்கு, புல் விதி வாசலில் நிற்கிற நேரம் பார்த்து. பழைய பிராக்வில் இருந்த இடத்தில் இப்போது சூப்பர் மார்க்கெட். ரசிகர்கள் ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டு உள்ளே போன இரும்புச் சுழல்கதவில் ஒன்றைக் கடைக்குள்ளேயே நினைவாக வைத்திருக்கிறார்கள்.