எச்சமும் விழுக்காடும்

உடற்குறையுடையாரை வகைப்படுத்தி எண்ணும் வழக்கம் தமிழில் மிகப் பழையது. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டில் எண்வகை எச்சங்கள் கூறப்படுகின்றன. கூனும் குறளும் செவிடும் அவற்றுட் சில. இதனை இக்கால நலச்சட்டங்கட்கு முன்னோடியாகக் காட்ட விழைவாரும் உளராகலாம். அது பொருந்தாது. எச்சப் பிறப்பால் பயனில்லை என்பதே புலவர் கருத்து. ஈதற்குரியாரைத் தெரிந்தெடுக்கும் பட்டியல் அன்று அது.

மணிமேகலை காட்டும் நெறி வேறு. மதுரைச் சிந்தாதேவி கோயிலில் தங்கிய ஆபுத்திரன், பார்வையற்றாரையும் செவிப்புலன் இழந்தாரையும் நடக்கவியலாதாரையும் தானே அழைத்து ஊட்டி, எஞ்சியதையே உண்டான். தன் தகுதியை நிறுவும் சுமை ஆண்டுப் பெறுவோன்மேல் இல்லை.

அரசு உதவியில் அச்சுமை இடம் மாறிற்று. ஆதரவற்ற உடற்குறையாளர்க்கு ஓய்வூதியம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 1974இல் தொடங்கியது. இராசபாளையத்தை அடுத்த தளவாய்புரம் அந்நாளில் இராமநாதபுர மாவட்டத்தின் பகுதி. அம்மாவட்ட ஆட்சியர் அலுவலகமோ மதுரையில் இருந்தது. 1985இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் பிரிந்த பின்னரே இவ்வூரார்க்கு ஆட்சியர் அலுவலகம் சற்றே அணித்தாயிற்று. வரலாறு எழுதுவோர் கணக்கில் இத்தகைய தொலைவுகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம் எழுவகைக் குறைபாடுகளை ஏற்று, நாற்பது விழுக்காடு என்னும் எல்லையையும் வகுத்தது. ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் விளைவாக எழுந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் வகைகளை 21 ஆக்கியது. எண்ணிக்கையினும் சிறந்த மாற்றம் பொருள்வரையறையில் நேர்ந்தது. நெடுநாள் குறைபாடு புறத்தடைகளோடு கூடிச் சமூகப் பங்கேற்பைத் தடுக்கும் நிலையே ஊனம் என்றாயிற்று. தையல் தொழில் மிக்க தளவாய்புரத்தில், கால் முடங்கிய தையலர் ஒருவரைக் கருதுவோம். மிதிபலகைப் பொறி அவர்க்குத் தடை. கையால் இயக்கும் மின்பொறி கிடைப்பின் அத்தடை நீங்கும். விழுக்காடோ இரு நிலையிலும் ஒன்றே. வரையறை தடையை நோக்க, சான்றிதழ் உடலையே அளக்கின்றது. இம்முரண் ஆராயத்தக்கது என்பது எம் துணிபு.

எல்லைகளும் பலவாயின. அத்தையலர்க்கு அறுபது விழுக்காடு எனச் சான்று கிடைப்பின், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கண் அவர் சிறப்புரிமைகட்கு உரியவர். ஆயினும் 2009இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்திற்கு அவர் உரியரல்லர். அது வறுமைக் கோட்டின்கீழ் வாழும், எண்பது விழுக்காட்டினும் குறையாத ஊனமுடையார்க்கே உரியது. ஒரே உடல் ஒரு நூலில் எண்ணப்பட்டு, மற்றொன்றில் விடுபடுகின்றது. 2010இல் தமிழக அரசு ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை மேற்கொண்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் அச்சொல் இவ்வெல்லைகளில் ஒன்றையும் அசைத்திலது.

இன்று சான்றிதழ் வேண்டுவோர் இருப்பிடச் சான்று, ஒளிப்படம், ஆதார் ஆகியவற்றோடு, தாம் வாழும் மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடமோ, தமக்கு மருத்துவம் செய்த அரசு மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம். அச்சான்று நாடு முழுதும் செல்லும். மறுக்கப்படின் காரணம் எழுத்தில் தரப்படல் வேண்டும். மேல்முறையீட்டிற்கும் 59ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆதலின் மறுப்புரையை வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல், எழுத்திற் பெற்றுக் கையில் வைத்துக்கொள்வார்க்கே அப்பிரிவு பயன்படும்.