நட்டவனுக்கு எந்த ஊரு?

கிராமத்துல புது ஆளைப் பார்த்தா முதல் கேள்வி, "நீங்க எந்த ஊரு?" கேக்குறவருக்கு அது சாதாரணப் பேச்சு. ஆனா அந்தக் கேள்விக்கு ரெண்டு நாட்டுலயும் பதில் சொல்ல முடியாம நின்ன சனம் ஒண்ணு உண்டு. இலங்கை மலையகத் தமிழர்கள்.

1820-களில் வெள்ளைக்காரன் அந்த மலைகளில் காபித் தோட்டம் போட ஆரம்பிச்சான். திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து, பஞ்சத்துல நொடிஞ்ச சனங்களைக் கங்காணிகள் திரட்டிட்டுப் போனாங்க. கொடுத்த முன்பணம் கடனாத் தலையில ஏறிடும். மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவங்க ஏராளம்.

1869-ல் காபியில இலைத்துரு நோய் விழுந்துச்சு. தோட்டங்கள் அழியவும் தேயிலைக்கு மாறினாங்க. காட்டை வெட்டினது, கன்னு நட்டது, கொழுந்து பறிச்சது எல்லாம் இவங்கதான். குடியிருந்த லயன் வீடு மட்டும் தோட்டத்துக்குச் சொந்தம்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனாங்க. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்துச்சு. அப்பாவும் இலங்கையில பிறந்தவர்னு காகிதம் காட்டணும். லயன்ல பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கேயிருந்து வரும்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானாங்க. ஓட்டும் போச்சு. தோட்டத்துரைமார் ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போன சனத்துக்கு, அங்க கிடைச்ச பேரு 'கள்ளத்தோணி'.

1964 அக்டோபர்ல சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியா பிரிச்சாங்க. விளைச்சலைக் களத்துல பங்கு போடுற மாதிரிதான். யாரும் அந்த சனத்தைக் கேக்கல.

தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவங்களில் பல பேர், தாத்தா ஊரைப் பேர்ல மட்டும் கேள்விப்பட்டவங்க. கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சப் பேருக்கு வேலை கிடைச்சுது. கையில இந்தியக் குடியுரிமை இருந்தும், இங்க அவங்க 'சிலோன்காரங்க'. அகதின்னு நினைச்சவங்களும் உண்டு. இலங்கையில எஞ்சின நாடற்றவங்களுக்கு 2003-ல்தான் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தாங்க. நடுவுல 55 வருஷம் ஓடிப்போச்சு.

ஒரு மண்ணுல எத்தனை தலைமுறை வேர்வை விழுந்தாலும், அதைக் கணக்குல எழுதுற காகிதம் வேற ஆள் கையில இருந்தா, அவன் 'வந்தவன்'தான். இன்னைக்கு டெல்டாவுல நாத்து நட மேற்கு வங்கத்துலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. பேசுறது வங்காளம். ஆனா நம்ம ஊருல அவங்களுக்கு வச்ச பேரு 'இந்திக்காரன்'. நம்மாளுங்க கடல் தாண்டிப் போன காலத்துல, அங்கேயும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கும்.