வாசல் இல்லாத வீடு

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒரு காலை வந்திருக்கும். விளக்கைப் போடுகிறோம். பவளம் மெல்ல விரிகிறது. கண்ணாடியில் நேற்று இல்லாத ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளாக இருக்கலாம், நூலை வளைத்து வளைத்து ஒட்டியதுபோல ஒரு கோடாக இருக்கலாம். "என்னடா இது, பூச்சியா, நோயா?" கை உடனே பிளேடைத் தேடும்.

இது புதிய குழப்பம் இல்லை. கிட்டத்தட்ட 2300 வருடங்களுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் இதே இடத்தில் நின்றிருக்கிறார். ஊதாச் சாயம் எடுக்கும் முள் சங்குகள் வசந்தகாலத்தில் ஓரிடத்தில் கூடி, தேனடை போல ஒன்றைக் கட்டுகின்றன என்று தன் விலங்கு நூலில் எழுதுகிறார். வெள்ளைக் கொண்டைக்கடலைத் தோல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்ததுபோல இருக்கும் என்கிறார். இன்றைக்கு அந்தச் சங்கின் முட்டைக் கூடுகளைப் படத்தில் பார்த்தாலும் இதைவிடப் பொருத்தமான உவமை நமக்குக் கிடைக்காது.

ஆனால் அடுத்த வரியிலேயே தடுக்கி விழுகிறார். இந்த அறைகளில் திறப்பு எதுவும் இல்லை, இவற்றிலிருந்து சங்கு பிறப்பதில்லை, ஓடுள்ள உயிர்கள் எல்லாம் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன, அந்தத் தேனடை ஒரு கழிவு மாதிரிதான் என்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. வாசல் இல்லை என்று அவர் பார்த்தது உண்மைதான். கூட்டின் உச்சியில் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். குஞ்சுகள் தயாரான பிறகுதான் அது கரைந்து வழிவிடும். அதற்கு முன்னால் பார்த்தால் மூடிய கூடு. பின்னால் பார்த்தால் காலியான கூடு. நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களைக் கடலடியில் போய் உட்கார்ந்து யார் பார்ப்பது? பார்வை சரி, முடிவு தப்பு. 1668-ல் பிரான்செஸ்கோ ரெடி இறைச்சியைத் துணியால் மூடி வைத்து, ஈ முட்டையிடாமல் புழு வராது என்று காட்டிய பிறகும்கூட, 'தானாகத் தோன்றும் உயிர்' என்ற நம்பிக்கை சட்டென்று சாகவில்லை.

குறை அறிவில் இல்லை, கருவியில். கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தினமும் பார்க்க ஒரு பெட்டி வேண்டும். அதைச் செய்தவர் ழான் வில்ப்ரூ-பவர். 1794-ல் பிரான்சில் பிறந்தவர், பாரீசில் தையல் வேலை பார்த்தவர், கல்யாணத்துக்குப் பிறகு சிசிலியின் மெசினாவுக்குக் குடிபோனவர். ஆர்கோநாட் என்று ஆக்டோபஸ் வகையில் ஒன்று உண்டு. அதன் அழகான ஓடு அதுவே செய்ததா, துறவி நண்டு மாதிரி வேறு யாரிடமிருந்தாவது எடுத்துக்கொண்டதா? அறிஞர்கள் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். இந்த அம்மா 1832 வாக்கில் கண்ணாடித் தொட்டி செய்து, முட்டையிலிருந்தே கவனிக்க ஆரம்பித்தார். குஞ்சு பிறக்கும்போது ஓடு கிடையாது, பிறகு தானே கட்டிக்கொள்கிறது. உடைத்துவிட்டால் தானே ஒட்டுப்போட்டுக்கொள்கிறது. வழக்கு முடிந்தது. சில வருடங்கள் கழித்து ஒரு கப்பல் மூழ்கியதில் அவருடைய சேகரிப்பும் குறிப்புகளும் பெரும்பகுதி கடலோடு போயின.

1846-ல் லண்டனில் ஆனா தின் என்பவர் டார்க்கி கடற்கரையிலிருந்து பவளங்களைக் கொண்டுவந்து வீட்டில் வளர்த்தார். பம்ப் எல்லாம் ஏது? வேலைக்காரப் பெண் கடல்நீரைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றினாள். நம் தொட்டியில் மோட்டார் செய்யும் வேலையை அன்று அவள் கை செய்தது. அவள் பெயர் வரலாற்றில் நிற்கவில்லை. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் தன் நன்னீர்த் தொட்டியில் மீனோடும் செடியோடும் நத்தையையும் விட்டார். அழுகிய இலையை நத்தை தின்றது, நத்தை முட்டையை மீன் தின்றது. முட்டை அங்கே அழுக்காக இல்லை, சமையலில் ஒரு பங்காக இருந்தது.

சரி, நம் கண்ணாடிக்கு வருவோம். எள் மாதிரி கெட்டியான வெள்ளைப் புள்ளி என்றால் பெரும்பாலும் நெரைட் நத்தை. கோணல்மாணலாக வளைந்து போகும் மெல்லிய நூல் என்றால் செரித். சம்கி ஒட்டியதுபோல ஒளி ஊடுருவும் சின்னக் கூடுகள் என்றால் மணலுக்குள் புதைந்து கிடக்கும் நசாரியஸ். ரிப்பன் சுருளாக இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது ஓடில்லாத கடல் நத்தையாக இருக்கலாம், அவற்றில் சில பவளத்தையே தின்னும். டர்போ, ட்ரோக்கஸ் வகைகள் கண்ணாடியில் எதையும் ஒட்டுவதில்லை. புகை மாதிரி நீரில் விட்டுவிடும்.

இவற்றில் பல குஞ்சுகள் நீரில் மிதந்து திரிபவை. தொட்டியில் பெரும்பாலும் ஃபில்டருக்குப் போய்விடும். கூட்டுக்குள்ளேயே வளர்ந்து, நத்தையாகவே ஊர்ந்து வெளிவரும் வகைகளுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நம் கோயில்களில் ஊதும் சங்கும் அந்த ரகம்தான். மணலில் நட்ட ஆட்டுக்கொம்பு போன்ற கூட்டில் வளர்ந்து, குட்டிச் சங்காகவே வெளியே வரும்.

அதனால் ரிப்பன் இல்லையென்றால் பிளேடைக் கீழே வையுங்கள். ஒரு படம் எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தை ஒரு நிமிடம் பாருங்கள். அரிஸ்டாட்டிலுக்குக் கிடைக்காத அந்தச் சில நாட்கள் உங்கள் வரவேற்பறையில் இருக்கின்றன.