மலைநாட்டு ஊர்ப் பெயர்களும் பெயர் மாற்றமும்

ஆட்சி மாறுங்கால் ஊர்ப் பெயரும் மாறுதல் உலகியல்பு. சிம்பாப்வே விடுதலை பெற்று ஈராண்டின் பின், 1982 இல், சலிஸ்பரி நகர் ஹராரே ஆயிற்று. ஆங்கிலத்தில் மதராஸ் என வழங்கிய நகர் 1996 இல் எம்மொழியிலும் சென்னை எனப்பட்டது. இலங்கை 1972 மே 22 ஆந் திகதி குடியரசானபோது ‘சிலோன்’ என்னும் பெயரைத் துறந்தது. எனினும் அரச நிறுவனங்கள் பலவற்றில் அப்பெயர் எஞ்சி நின்றமையால், அதனை அவற்றினின்றும் நீக்க 2011 இன் தொடக்கத்தில் அரசாங்கம் தீர்மானித்தது. தேயிலை மாத்திரம் பழைய பெயரோடே கப்பலேறுகின்றது. உலகச் சந்தையில் ‘சிலோன் தேயிலை’ என்னும் பெயருக்கு விலையுண்டு. விலையுள்ள பெயரை எவரும் எளிதிற் கைவிடார்.

அத்தேயிலை விளையும் நுவரெலியா மாவட்டத்தில் இவ்வினா வேறொரு முகங் கொள்கின்றது. ஈண்டு இடப்பெயர்கள் மூவடுக்காக அமைந்துள்ளன. அடியிற் கிடப்பவை நுவரெலியா, நானுஓயா, மஸ்கெலியா முதலிய சிங்களப் பெயர்கள். தமிழர் அவற்றைத் தம் நாவுக்கு இசைய வழங்கி வருகின்றனர். அவற்றைப்பற்றி வழக்கெதுவும் இல்லை.

அவற்றின்மேல் அமைந்தவை துரைமார் இட்ட பெயர்கள். 1884 இல் புகையிரதம் எட்டிய ஹட்டன், ஸ்கொத்லாந்து ஊரொன்றின் பெயரைத் தாங்குவது என்பர். டன்சினேன் என்பது ‘மக்பெத்’ நாடகத்தில் வரும் குன்று. ஹோலிரூட் எடின்பரோ நகரத்து அரண்மனை. கடல் கடந்து வந்தவன் தன் ஊரை நினைந்து பெயரிடுதல் குற்றமன்று. ஆயின் அதே மலைக்குத் திருச்சி, சேலம், இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து வந்தவனும் தன் ஊரை நினைந்தவனே. பெயரிடும் அதிகாரம் அவனிடத்து இருந்ததில்லை.

அதிகாரம் இல்லாவிடினும் அவன் பெயரிட்டான். இதுவே மூன்றாம் அடுக்கு. மேற்கணக்கு, பணியக்கணக்கு, புதுக்காடு எனத் தோட்டத்தின் பிரிவுகளுக்கும், கங்காணியின் பெயராலோ மரத்தின் பெயராலோ தோட்டத்துக்கே கூடவும் பெயர் வழங்கினான். பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட பழைய தோட்ட விவரத் தொகுப்புக்கள் இத்தகைய பெயர்களை ஆங்கில எழுத்திற் பதிந்துள்ளன. 1901 முதல் தொழிலாளர் கழுத்தில் தொங்கிய தகர டிக்கட்டிலோ எப்பெயரும் இல்லை. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தின் எண்ணுமே பொறிக்கப்பட்டிருந்தன.

பெயர் என்ன செய்யவல்லது என்பதை மலைநாட்டார் 1948 இன் பின்னரே முற்றும் உணர்ந்தனர். அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949 இன் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், 1946 க்கு முன்னர் பல்லாண்டு இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவ வேண்டியவராயினர். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. சான்றாக நின்றவை செக்ரோலும் பிறப்புப் பத்திரமும் போன்ற ஏடுகள். அவற்றில் இருந்தது துரை இட்ட பெயர். பாட்டன் வாயில் வழங்கிய பெயர் அலுவலகத்திற் செல்லவில்லை.

ஆதலின், அந்நியர் பெயர்களை அடியோடு களைக என்னும் குரலை நான் தயக்கத்தோடே கேட்கின்றேன். பிறப்பு, விவாகம், சேமலாப நிதி என ஒருவருடைய வாழ்க்கைப் பத்திரங்கள் யாவும் அப்பெயரிலேயே உள்ளன. வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இல்லாத லயத்தில் வாழ்வோர்க்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. அதனை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மாற்றினால், முன்னைய ஏடும் பின்னைய ஏடும் ஒருவரையே குறிப்பன என்று நிறுவும் பாரம் மீண்டும் அவர் தலைமேல் விழும். கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாயின. 1992 இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. உடையவர் இருமுறை மாறியும் பெயர்கள் பெரும்பாலும் மாறாதிருந்தமை, எண்ணிச் செய்ததன்று எனினும், நன்மையே ஆயிற்று. ஹட்டன் ஹைலன்ட்ஸ் கல்லூரியிற் கற்று உயர்ந்த தமிழர் எத்தனையோ பேர். அப்பெயர் ஸ்கொத்லாந்தை நினைவூட்டுகின்றதே என்று அவருள் வருந்தினாரை நான் கண்டதில்லை.

மாற்றுதலினும் சேர்த்தலே இங்கு வேண்டற்பாலது. தோட்ட வாயிலிலுள்ள பலகையில் ஆங்கிலப் பெயருக்கும் சிங்களப் பெயருக்கும் அருகே, தொழிலாளர் வழங்கிய பெயரும் தமிழெழுத்தில் இடம்பெறல் வேண்டும். பெர்குசன் தொகுப்புக்களிலுள்ள பெயர்களை ஆங்கில எழுத்தினின்று சரியான தமிழுருவுக்கு மீட்டல் எளிதன்று. ‘ல’வும் ‘ள’வும் ‘ழ’வும் அங்கு ஒன்றாய்க் கலந்துள்ளன. அவற்றை வேறுபடுத்திச் சொல்லவல்ல முதியோர் சில லயங்களில் இன்னும் உளர். நம் மாணவர் விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு குறிப்பேட்டை உடன் கொண்டுசென்று, பாட்டியரிடம் கேட்டு, ஒவ்வொரு கணக்கின் பெயரையும் அவர் உச்சரித்தவாறே எழுதி வருவாராக.