சரதியேல் நல்லவனான கதை

இலங்கைப் பொலிஸ் ஒவ்வொரு வருடமும் மார்ச் 21ஆம் திகதியைப் பொலிஸ் வீரர்கள் தினமாக அனுஷ்டிக்கிறது. 1864இல் அதே நாளில் மாவனல்லையில் சுடப்பட்டு விழுந்த துவான் சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள்தான் அந்தத் திகதிக்குக் காரணம். கடமையில் உயிர்விட்ட முதல் பொலிஸ்காரர் என்று அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் பிடிக்கப்போன வழிப்பறிக்காரனுக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு கிராமம் கட்டிவைத்திருக்கிறார்கள். சரதியேல் கிராமம் என்று பெயர். பழைய காலத்துக் குடிசைகளும் ஆளுயரச் சிலைகளுமாக இருக்கும். டிக்கட் எடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.

அரசாங்கத்துக்கு ஒரு வீரனும் ஊருக்கு ஒரு வீரனும் ஒரே சம்பவத்தில் பிறந்திருக்கிறார்கள். அரசாங்கத்தின் வீரனை எங்கள் பக்கத்துப் புளத்கொகுபிட்டியவில் பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். ஊரின் வீரனைத் தெரியாத பிள்ளை கேகாலை மாவட்டத்தில் இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். கேகாலைக்குப் போய்க் கண்டி பஸ் ஏறினால், மாவனல்லைக்கு முன்னால் உதுவன்கந்தப் பாறை தெரியும்போது யாராவது ஒருவர் விரலை நீட்டாமல் இருக்க மாட்டார்.

அந்தப் பாறைக்குக் கீழே போகிற சாலைதான் இந்தக் கதையின் தாய். கொழும்பிலிருந்து கண்டிக்கு வெள்ளைக்காரன் போட்ட சாலை அது. 1832இல் அதில் தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. சரதியேல் பிறந்ததும் அதே 1832இல்தான். அப்பா அதாசி அப்பு சிலாபத்து ஆள், அம்மா பிச்சோஹாமி உதுவன்கந்தக்காரி. பையன் வளர வளர மலைநாட்டில் கோப்பியும் வளர்ந்தது. மேலேயிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கின. கீழேயிருந்து அரிசி, துணி, சாராயம், காசு என்று எல்லாம் ஏறின. கடுகண்ணாவ ஏற்றத்துக்கு முன்னால் மாடுகள் மூச்சுவாங்கி மெல்ல நகரும் இடத்தில், சாலையின் நெடுந்தூரத்தைப் பார்க்கக்கூடிய ஒரு பாறை. கள்ளனுக்கு வேறென்ன வேண்டும்?

இதை மட்டும் சொன்னால் வழிப்பறிக்காரன் பிறந்த கதைதான் ஆகும். நல்லவன் பிறந்த கதைக்கு இன்னொன்று வேண்டும்: சட்டம் என்றால் மக்களுக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும். அது தாராளமாக இருந்தது. 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசாங்கத்தின் சொத்தாக்கியது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கண்டி நாட்டுக் கிராமத்தானிடம் ஏது உறுதி? அந்தக் காணிகள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் புதிய வரிகள் வந்து மாத்தளையில் கலகம் வெடித்தது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டம் போட்டார். புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். காவியுடையோடு ஒரு பிக்குவையும் சுட்டார்கள். சரதியேலுக்கு அப்போது 16 வயது. அந்தப் புரன் அப்புவும் அதற்கு முந்தியே பிடியாணை போட்டு, தலைக்கு விலை வைத்துத் தேடப்பட்ட ஆள்தான். அரசாங்கம் கள்ளன் என்றவனை ஊர் வீரன் என்று சொல்லிப் பழகியது சரதியேலுக்கு முந்தியே.

சரதியேல் கொழும்பில் சிப்பாய்களின் பாசறையில் எடுபிடி வேலைக்கு இருந்தான் என்றும், துப்பாக்கிப் பழக்கம் அங்கேதான் வந்தது என்றும் சொல்வார்கள். ஊருக்குத் திரும்பிய பின் அவனோடு சேர்ந்தவர்களில் முக்கியமானவர் மம்மலே மரிக்கார். சின்ன வயதுச் சிநேகிதர், முஸ்லிம். சிங்களவனும் முஸ்லிமும் தோளோடு தோள் சேர்ந்து நடத்திய கூட்டம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களை மாவனல்லையில் இன்றைக்கும் பார்க்கலாம். அதே மாவனல்லையில் 2001 மே மாதம், ஒரு முஸ்லிம் கடையில் கப்பம் கேட்ட சண்டியர்களால் தொடங்கிய தகராறு முஸ்லிம்களின் கடைகள் எரிந்ததில் போய் முடிந்தது. சாலையோரத்தில் காசு பறித்தவர்கள்தான் அவர்களும். அவர்களைப் பற்றி எந்தக் கதையும் பிறக்கவில்லை.

பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தான் என்கிறது கதை. அந்த வண்டிகளில் யார் போனார்கள் என்று கொஞ்சம் எட்டிப் பார்க்க எனக்கு ஆசை. கோப்பித் துரை மாட்டு வண்டியில் அரிசி மூட்டைமேல் குந்திக்கொண்டு போகவில்லை. வண்டியில் இருந்தவன் வண்டிக்காரன், கூலிக்கு மாடு ஓட்டுகிறவன். பொருள் குறைந்தால் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். மேலே ஏறிய அரிசி யாருடைய அரிசி? அந்தக் காலத்தில் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் காடு கடந்து நடந்துவந்த நம் ஆட்கள். அவர்களுக்குச் சம்பளத்தில் கழித்துக் கொடுக்கிற அரிசி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து, இந்தச் சாலை வழியாகத்தான் மலைக்கு ஏறியது. வழியில் ஒரு மூட்டை குறைந்தால் துரையின் வயிறு காயாது. சரதியேல் கதையில் வருகிற ‘ஏழை’ என்ற சொல்லுக்குள் லயத்தில் இருந்தவர்களுக்கு இடம் இருந்ததாக எந்தக் கதைசொல்லியும் எனக்குச் சொன்னதில்லை.

1864 மார்ச் 21. கூட இருந்தவர்களில் ஒருவரே காட்டிக்கொடுத்தார். மாவனல்லையில் ஒரு வீட்டில் சரதியேலும் மரிக்காரும் இருப்பது தெரிந்து பொலிஸ் வளைத்தது. உள்ளேயிருந்து வந்த சூட்டில் சபான் இறந்தார். சுட்டது மரிக்கார் என்பது பதிவு. பிறகு கேகாலையின் உதவி அரசாங்க அதிபர் எஃப். ஆர். சோண்டர்ஸ் ஆட்களோடு வந்துசேர, இருவரும் உயிரோடு பிடிபட்டார்கள். சபானைக் கொன்றதற்காகக் கண்டியில் வழக்கு நடந்தது. மே 7ஆம் திகதி இருவரையும் தூக்கிலிட்டார்கள். பிடித்ததிலிருந்து தூக்கு வரை ஏழு வாரம்கூட ஆகவில்லை. அரசாங்கத்துக்கு அவ்வளவு அவசரம். ஆனாலும் விசாரித்தார்கள், சாட்சி கேட்டார்கள். தங்கள் ஆள் ஒருவரைப் பறிகொடுத்த கோபத்தில் நின்றவர்கள், அந்த வீட்டு வாசலிலேயே கணக்கைத் தீர்த்திருந்தால் கேட்க அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வருடக் கடைசியில், டிசம்பரில், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் ரயில் ஓடியது. 1867இல் கண்டியை எட்டியது. கோப்பி ரயிலேறியது, பாறைமேல் நின்று வண்டி பார்க்கிற தொழிலே முடிந்தது. 1866இல் காம்பெல் என்பவரைப் பொறுப்பில் வைத்துப் பொலிஸைப் புதிதாகக் கட்டியெழுப்பினார்கள். அதற்கு உதுவன்கந்தவின் இந்தத் தலையிடியும் ஒரு காரணம் என்பார்கள். இடையில், 1865இல், 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தோட்டத்து ஆள் முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனால் அது குற்றம், ஜெயிலுக்கும் அனுப்பலாம். சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்த துரையை ஜெயிலுக்கு அனுப்பியதாக நான் எங்கும் படித்ததில்லை. கள்ளனைத் தூக்கில் போட்டு ஒரு வருடம் கழித்து, பசிக்கு ஓடியவனைக் கள்ளனாக்கியது சட்டம். பிறகு ஏன் ஜனம் கள்ளன் பக்கம் சாயாது?

செத்த பிறகுதான் சரதியேல் வேகமாக நல்லவனானான். அவனைப் பற்றி நாடகம் வந்தது, பாட்டு வந்தது, புதையல் கதைகள் வந்தன. எரிக் ஹொப்ஸ்பாம் என்ற வரலாற்றாசிரியர் 1969இல் கொள்ளைக்காரர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுக்க இந்த நல்ல கள்ளன் கதை ஒரே அச்சில்தான் வார்க்கப்படுகிறது என்று அதில் காட்டுகிறார். தனக்கு நடந்த அநியாயத்தால் காடேறுவான், இருக்கிறவனிடம் எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பான், தற்காப்புக்கு மட்டுமே கொல்வான், காட்டிக்கொடுத்தால்தான் சாவான். சரதியேலை அதில் போட்டால் அப்படியே பொருந்துகிறான். தமிழ்நாட்டுச் செம்புலிங்கமும் மம்பட்டியானும்கூடப் பொருந்துகிறார்கள். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற ஒருவனைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. சம்பவம் நடந்தபோது அந்த மனிதனுக்குப் பசியும் கோபமும் பேராசையும் எல்லாம் இருந்திருக்கும். கதை அவற்றில் வேண்டாததைக் கழித்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் அந்தக் கதையை இன்னும் பெரிதாக்கியது சினிமா. 1954இல் ‘மலைக்கள்ளன்’ வந்தது. நாமக்கல் கவிஞரின் கதை, கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆரின் முகம். மலையில் ஒரு கள்ளன், நல்லவன், பொலிஸால் பிடிக்க முடியாதவன். உதுவன்கந்தவைத் தினமும் பார்க்கிற ஊரில் இந்தப் படத்தை விளக்கிச் சொல்லத் தேவையா? எம்.ஜி.ஆர். பிறந்ததோ எங்களுக்குக் கிட்டவுள்ள நாவலப்பிட்டியில். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் நின்று கங்காணியின் பேச்சையும் கணக்கப்பிள்ளையின் பேர் வெட்டலையும் வாங்கிக்கொண்டு போன மனிதனுக்கு, திரையில் ஒருவன் சாட்டையைப் பிடுங்கித் திருப்பி அடிப்பது பொழுதுபோக்கு மட்டுமில்லை. பிறகு டெக் வாடகைக்கு எடுத்து லயத்து வாசலில் விடிய விடியப் படம் போட்ட காலத்தில் ‘மலையூர் மம்பட்டியா’னும் ‘நான் சிகப்பு மனித’னும் வந்தன. அந்தக் கைதட்டலை நான் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தில் ஒரு முறைப்பாடு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனால், எந்தப் பாஷையில் எழுதுவார்கள் என்பதிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். அப்படி வாழ்கிறவன் இரண்டரை மணி நேரத்துக்கு வேறொரு நீதிமன்றத்தில் போய் உட்காருகிறான்.

இடையில் ஒரு மாற்றம் நடந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கைதட்டல் மலைக்கள்ளனிடமிருந்து மெல்ல நகர்ந்து காக்கிச் சட்டைக்குப் போய்விட்டது. 2003இல் ‘காக்க காக்க’, அதே வருடம் ‘சாமி’. கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் தப்பிவிடுவான், ஆகவே இங்கேயே முடித்துவிடுகிறேன் என்கிறவன் இப்போது அரசாங்கச் சம்பளக்காரன். சரதியேலுக்கு மக்கள் கைதட்டியது சட்டம் அவர்களை மிதித்ததால். சட்டத்தின் ஆளே சட்டத்தை மிதிக்கும்போதும் அதே கை தட்டுகிறது. முன்னவனிடம் ஒரு துப்பாக்கியும் ஒரு பாறையும் இருந்தன. பின்னவனிடம் ஒரு ஸ்டேஷனே இருக்கிறது.

சினிமாவில் இது சரியாகத் தெரிவதற்குக் காரணம் சாதாரணமானது. கொலையை நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம். யார் செய்தான், எப்படிச் சிரித்தான், எல்லாம் படம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் காட்டிவிடுவார்கள். கதாநாயகன் சுடும்போது தவறான ஆளைச் சுடுகிறானோ என்ற பயமே நமக்கு இல்லை. ஊரில் அப்படியொரு கெமரா யாருக்காகவும் சுற்றவில்லை. 2024இல் வந்த ‘வேட்டையன்’ அந்தக் கெமராவையே கொஞ்சம் திருப்பிப் பார்த்தது. ரஜினிகாந்தின் பொலிஸ் அதிகாரி என்கவுண்டரில் சுட்டவன் குற்றம் செய்யாதவன் என்று படத்தின் நடுவில் தெரியவருகிறது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ‘சிகப்பு மனிதன்’ ஆன அதே நடிகர்.

வெளியே நடந்தவை சினிமாவைவிடக் கரடுமுரடானவை. 2019 டிசம்பர் 6ஆம் திகதி ஹைதராபாத்துக்கு வெளியே, ஒரு பெண் மருத்துவரின் கொலையில் கைதான நால்வரைப் பொலிஸ் அதிகாலையில் சுட்டுக் கொன்றது. அந்தப் பொலிஸார்மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணைக்குழு, பொலிஸ் சொன்ன கதை நம்பத்தக்கதல்ல, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022இல் அறிக்கை கொடுத்தது. பத்துப் பொலிஸாரை விசாரிக்கச் சொன்னது. பூத்தூவிய படம் பார்த்த அளவுக்கு அந்த அறிக்கையை யார் படித்தார்கள்?

எங்கள் நாட்டில் இதற்கு ஒரு தேய்ந்த வசனம் உண்டு. ஒளித்து வைத்த ஆயுதத்தைக் காட்ட ஆளைக் கூட்டிக்கொண்டு போனபோது நடந்த துப்பாக்கிச் சூடு. மாகந்துரே மதுஷ் டுபாயிலிருந்து நாடுகடத்தப்பட்டு 2019 மே மாதம் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டவர். போதைப்பொருள் உலகத்தின் பெரிய புள்ளி. 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி விடியற்காலையில், போதைப்பொருளைக் காட்டவென்று மாளிகாவத்தைக்குக் கூட்டிப்போன இடத்தில், பொலிஸ் காவலில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் நடுவில் அகப்பட்டார் என்றது பொலிஸ். பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் பேச்சு ஒன்றுதான்: செத்தது நல்லது.

அவரை நல்லவர் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்ல வரவில்லை. ஆனால் 1864இல் கண்டி நீதிமன்றத்தில் நின்ற சரதியேலைப் பற்றி, கூட இருந்தவர்கள் யார், காட்டிக்கொடுத்தது யார், சபானைச் சுட்டது யார் என்பது இன்றைக்கும் பெயர் பெயராக நமக்குத் தெரிகிறது. தெரிவதற்குக் காரணம், வெள்ளைக்காரன் எவ்வளவு அவசரப்பட்டிருந்தாலும் அவனைக் கூண்டில் ஏற்றிச் சாட்சிகளை எழுதிவைத்தது. மதுஷ் கூண்டில் ஏறியிருந்தால் யாருடைய பெயரெல்லாம் வந்திருக்குமோ. கைதான நாளிலிருந்து நாடே அந்தப் பட்டியலுக்காகத்தான் காத்திருந்தது.